ஜெருசலேமை சனகெரிப் பிடித்தாரா, இல்லையா? ஒரே போருக்கு 2 கதைகள்!

கி.மு. 701. அசீரியப் பேரரசர் சனகெரிப்பின் படை யூதா நாட்டுக்குள் புகுந்தது. தலைநகர் ஜெருசலேமில் சிக்கிக்கொண்டவர் மன்னர் எசேக்கியா.

என்ன பிரச்சினை?

அசீரியாவுக்குக் கட்டிவந்த கப்பத்தை எசேக்கியா நிறுத்திவிட்டார். சும்மா விடுவார்களா? சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்புதான் வடக்கே இருந்த இஸ்ரேல் நாட்டை அழித்து, மக்களைக் கூட்டம் கூட்டமாக நாடு கடத்தியிருந்தது அசீரியா. அடுத்தது நாமதானா என்ற பயம் ஜெருசலேமில்.

சனகெரிப் சொல்வது என்ன?

களிமண் பட்டகத்தில் தன் வெற்றிகளை எழுதிவைத்தார். 46 கோட்டை நகரங்களைப் பிடித்தாராம். எசேக்கியாவைக் கூண்டுப் பறவை மாதிரி அடைத்தாராம். ஆனால், ஜெருசலேமைப் பிடித்ததாக ஒரு வரிகூட இல்லை!

பைபிள் சொல்வது?

ஒரே இரவில் தேவதூதன் 1,85,000 அசீரிய வீரர்களைக் கொன்றதால் சனகெரிப் ஊர் திரும்பினார் என்கிறது.

எது ஒத்துப்போகிறது?

எசேக்கியா கப்பம் கட்டினார் என்பதை இரண்டுமே சொல்கின்றன. தங்கம் 30 தாலந்து என்ற கணக்கும் அப்படியே பொருந்துகிறது. வெள்ளியில்தான் வித்தியாசம்: பைபிளில் 300, சனகெரிப் கணக்கில் 800. படை திரும்பியதற்குக் கப்பமா, கொள்ளைநோயா, வேறு காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம்தான்.

தப்பாத நகரம்

ஜெருசலேம் தப்பியது. லாகீஸ் தப்பவில்லை. அதன் வீழ்ச்சியை சனகெரிப் தன் நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கவைத்தார். மாட்டு வண்டியில் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டுப் போகும் குடும்பங்களை இன்றும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அந்தக் கல்லில் பார்க்கலாம்.