கொடைக்கானல்ல ஸ்னோ விழுமா? வத்தலக்குண்டிலிருந்து ஒரு குளிர்காலக் கணக்கு

(எபிசோடில் பேசியதை வாசிப்பதற்கு ஏற்றபடி கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன வாரம் சித்தப்பா போன் பண்ணினார். "ஏப்பா, இந்த வருஷம் கொடைக்கானல்ல ஸ்னோ விழப் போகுதாமே? வாட்ஸ்அப்ல வந்துச்சு. அப்ப நம்ம மல்லிகை என்னாகும்?" என்று கேட்டார்.

அவருக்கு நிலக்கோட்டைப் பக்கம் ஒரு ஏக்கர் மல்லிகை இருக்கு. மல்லிகைக்கு நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்வது வழக்கம். இந்த முறை மழையால் தள்ளிப்போச்சு. இப்போதாவது வெட்டினால் மாசி, பங்குனியில் நல்லா தளிர்த்துப் பூக்கும். ஆனால் பொங்கலுக்குக் கிலோ ஆயிரக்கணக்கில் விலை போகும்போது கையில் பூ இருக்காது. வெட்டாமல் விட்டு, பனி கடுமையாக இறங்கினாலும் பூ இருக்காது. அதனால்தான் குளிர் எப்படி இருக்கும் என்பது அவருக்கு வெறும் ஊர்ப்பேச்சு இல்லை.

முதலில் ஸ்னோ விஷயம்

நாம் எல்லாத்தையும் "பனி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். காலையில் புல்லில் இருக்கும் துளியும் பனி, ரோட்டை மறைப்பதும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. குழப்பம் இங்கேதான் ஆரம்பம்.

இமயமலையில் விழுவது பனிப்பொழிவு. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் கொண்டுவரும் ஈரம், மேகத்திலேயே பனிப் படிகமாகி வானத்திலிருந்து விழுகிறது. கொடைக்கானலில் நடப்பது வேறு. அது உறைபனி, வானத்திலிருந்து விழுவதில்லை. தரையும் புல்லும் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போகும்போது, அதைத் தொடும் காற்றில் உள்ள நீராவி அங்கேயே பனிக்கட்டியாகப் படிகிறது. ஆலங்கட்டி மழை பெய்து தரை வெள்ளையாகிற வீடியோவையும் சிலர் ஸ்னோ என்று அனுப்புவாங்க. அதுவும் ஸ்னோ இல்லை.

நாலு டிகிரியில் எப்படி உறையும்?

இது நிறைய பேர் கேட்கிற கேள்வி. வானிலை நிலையம் வெப்பநிலையை அளப்பது தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள ஒரு பெட்டிக்குள். மேகமில்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை வேகமாக வானத்துக்கு விட்டுவிடும். அதனால் புல் மட்டத்தில், பெட்டியில் காட்டுவதை விடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். செய்தியில் 4 டிகிரி என்று வந்தாலும் காலையில் புல் வெள்ளையாக இருப்பது இதனால்தான்.

இதற்கு மூணு விஷயம் சேரணும்: மேகம் இருக்கக் கூடாது, காற்று அசையக் கூடாது, காற்றில் ஈரம் ரொம்ப இருக்கக் கூடாது. மேகம் கம்பளி மாதிரி. தரை விடுகிற சூட்டைத் திருப்பி அனுப்பும். காற்று வீசினால் மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று கீழே கலந்துவிடும்.

இன்னொன்று, குளிர்ந்த காற்றுக்கு எடை அதிகம். தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடிப் போகும். கொடைக்கானலில் ஏரியைச் சுற்றியுள்ள பள்ளத்திலும் மன்னவனூர் புல்வெளிகளிலும் உறைபனி தெரிவதும், மேட்டில் இருக்கும் வீட்டு வாசலில் ஒன்றும் தெரியாததும் இதனால்தான்.

மேலே அப்படி, கீழே எப்படி?

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், நம்ம ஊர் 300 மீட்டர் சொச்சம். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் இரண்டுக்கும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம். மேலே உறைபனி என்றால் இங்கே ஸ்வெட்டர் குளிர், அவ்வளவுதான்.

சமவெளியில் "குளிர் அலை" என்று வானிலைத் துறை அறிவிக்கவே, குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கு வரணும். அதோடு இயல்பை விட 4.5 டிகிரியாவது குறையணும். நமக்கு அது எட்டாத தூரம். ஆனால் மல்லிகைக்கு அவ்வளவு குளிர் தேவையே இல்லை. ராத்திரி தொடர்ந்து குளிர்ந்து பனித்துளி நனைத்தாலே மொட்டு சிறுத்துப்போகும், வரத்து விழும். மாவுக்கோ இதே குளிர் பூவெடுக்க உதவும். ஆனால் ஈரப்பனி தொடர்ந்தால் பூவில் சாம்பல் நோய் வரும். ஒரே ராத்திரி ஒரு தோட்டத்துக்கு நல்லது, பக்கத்துத் தோட்டத்துக்குக் கெட்டது.

முன்னறிவிப்பை எப்படிப் படிக்கணும்?

இங்கேதான் போன வருஷம் நான் தப்பு பண்ணினேன். "இயல்பை விட வெப்பம் கூடுதலாக இருக்க வாய்ப்பு" என்று படித்துவிட்டு, "பயப்படாதீங்க சித்தப்பா, வெட்ட வேணாம்" என்று சொல்லிட்டேன். தையில் அஞ்சாறு ராத்திரி வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பூ அதோடு போச்சு.

முன்னறிவிப்பில் தப்பில்லை, நான் படித்த விதம்தான் தப்பு. இந்திய வானிலை ஆய்வுத் துறை டிசம்பர் தொடக்கத்தில் தருவது டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்குமான சராசரி. இயல்பு, இயல்பை விடக் கூட, இயல்பை விடக் குறைவு என்று மூன்று பிரிவு; ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீத வாய்ப்பு என்றுதான் சொல்லும். எந்தப் பக்கமும் சாயாவிட்டால் ஆளுக்கு 33 சதவீதம். "கூடுதலாக இருக்க 50 சதவீதம்" என்றாலும் மீதிப் பாதி இருக்கு. மூணு மாசச் சராசரி வெதுவெதுப்பாக இருந்தாலும், நடுவில் அஞ்சு நாள் கடுங்குளிர் வரலாம்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. டிசம்பர் வட இந்தியாவுக்குக் குளிர்காலம்; நமக்கு வடகிழக்குப் பருவமழையின் கடைசி மாதம். மேகம் இருக்கும் வரை ராத்திரி பெரிதாகக் குளிராது. மழை விலகி வானம் திறந்த பிறகுதான் உண்மையான பனி. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று பெரியவங்க சொன்னது இந்த வரிசையைத்தான்.

என்ன செய்யலாம்?

மூணு மாசக் கணிப்பை வைத்து மொத்தத் தோட்டத்தையும் ஒரே பக்கம் கட்ட வேண்டாம். அதன்பிறகு தினமும் அடுத்த அஞ்சு நாள் முன்னறிவிப்பைப் பாருங்க. மழை நின்றதா, வானம் தெளிவா, காற்று அடங்குமா என்ற மூன்றுக்கும் "ஆமா" என்றால் பனி இறங்கும். மலையில் காய்கறி போட்டிருப்பவர்கள் அந்த நாட்களில் சாயங்காலமே நாற்றை மூடலாம், மண்ணை ஈரமாக வைக்கலாம். ஈரமண் சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். மலைப்பாதையில் வெள்ளன வண்டி எடுப்பவர்கள், மூடுபனி விலகிய பிறகு கிளம்புவது நல்லது.

சித்தப்பாகிட்ட இந்த முறை "விழும்", "விழாது" என்று நான் எதுவும் சொல்லலை. இதையெல்லாம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பாதியை வெட்டுறேன், பாதியை விடுறேன். எது போனாலும் ஒண்ணு நிக்கும்ல" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுது.

உங்க பக்கம் பனி எப்படின்னு குரல் பதிவு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.