தாளிசபத்திரி: ஊசியிலைகளை வீட்டு மருந்தாகப் பயன்படுத்தும் முன்

தாளிசபத்திரி என்பது நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் உலர்ந்த ஊசியிலைச் சரக்கு ஆகும். இருமலுக்கும் சளிக்கும் சித்த மருத்துவர்கள் வழங்கும் தாளிசாதி சூரணம், தாளிசாதி வடகம் ஆகியவற்றில் இது சேர்கிறது. இமயமலைப் பகுதியில் வளரும் ஏபிஸ் என்னும் பசுமை மாறா மரத்தின் இலை இது. திண்டுக்கல் சமவெளியிலோ கொடைக்கானல் மலையிலோ இம்மரம் இயற்கையாக வளர்வதில்லை. கொடைக்கானலில் நீங்கள் காணும் பைன் மரங்கள் மனிதர் நட்டவை. அவற்றின் இலை தாளிசபத்திரி ஆகாது. காப்புக் காட்டிலிருந்து அனுமதியின்றி இலை சேகரிப்பது சட்டப்படி குற்றமும் ஆகும்.

பெயர் ஒன்று, மரம் இரண்டு

தாளிசபத்திரி என்ற பெயரில் விற்கப்படும் சரக்கு அனைத்தும் ஒரே மரத்தினுடையது அன்று. டாக்சஸ் எனப்படும் யூ மரத்தின் இலையும் நெடுங்காலமாக இதே பெயரில் விற்பனையாகி வருகிறது. யூ இலையில் உள்ள டாக்சின் என்னும் நச்சு இதயத் துடிப்பைச் சீர்குலைக்கும்; உயிரிழப்பும் நேரிடலாம். உலர்த்துவதால் இந்நச்சு நீங்குவதில்லை. ஏபிஸ் இலையின் அடிப்பக்கத்தில் இரு வெண்கோடுகள் இருக்கும், யூ இலையில் இரா என்று சொல்லலாம். ஆயினும், நொறுங்கிய சருகிலும் அரைத்த பொடியிலும் இவ்வேறுபாட்டை நீங்கள் காண இயலாது. எனவே சரக்கை உதிரியாக வாங்கி வீட்டில் இடிப்பதைத் தவிர்க்கவும். உரிம எண், தயாரிப்பு நாள், காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்பட்ட மருந்தை, தகுதி பெற்ற சித்த மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் உட்கொள்ளவும். அரசு மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு இயங்குகிறது. சூரணத்தில் சர்க்கரை சேர்வது வழக்கமாதலால், நீரிழிவு உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டும்.

புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்சல் யூ மரப்பட்டையிலிருந்தே முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. இதனால் யூ இலைக் கசாயம் புற்றுநோயைத் தீர்க்கும் என்று யாரேனும் கூறினால் நம்பாதீர்கள். அளவறிந்து நரம்பு வழியே செலுத்தும் மருந்து வேறு, அடுப்பில் கொதிக்கும் இலை வேறு.

சமவெளியில் காணும் மரங்கள்

சவுக்கில் ஊசிபோல் தோன்றுபவை இலைகள் அல்ல, மெல்லிய கிளைகள். அவை தாளிசபத்திரிக்கு மாற்றாகா. தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கும் துஜாவில் உள்ள துஜோன் வலிப்பை உண்டாக்கக் கூடியது. எல்லாவற்றினும் அஞ்ச வேண்டியது அரளி. வீட்டு வாசலிலும் நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டிலும் ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் இச்செடியின் எல்லாப் பகுதிகளும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. கொதிக்க வைத்தாலும் நஞ்சு குறையாது. மஞ்சள் அரளியும் அவ்வாறே.

வைட்டமின் சி வேண்டிப் பைன் இலைத் தேநீர் அருந்தும் பழக்கம் குளிர்நாடுகளுக்கு உரியது. அங்கே பனிக்காலத்தில் பழம் அரிதாக இருந்தது. 1536ஆம் ஆண்டு கனடாவில் ஸ்கர்வி நோயால் வாடிய கார்ட்டியேயின் மாலுமிகள், அந்நாட்டுத் தொல்குடியினர் காட்டிய பசுமை மாறா மரத்தின் கசாயத்தால் நலம் பெற்றனர். நமக்கு அத்தேவை இல்லை. ஆயக்குடிக் கொய்யா 100 கிராம் உண்டால் ஏறத்தாழ 200 மில்லிகிராம் வைட்டமின் சி கிடைக்கிறது; வயது வந்த ஆணுக்கு ஒரு நாளைய தேவை 80 மில்லிகிராம் மட்டுமே. சில பைன் இனங்களின் இலையைத் தின்ற மாடுகளுக்குக் கருச்சிதைவு ஏற்படுவது அமெரிக்காவில் உறுதி செய்யப்பட்டுள்ளதால், கர்ப்பிணிகள் இத்தேநீரை அறவே தவிர்க்க வேண்டும்.

இருமல் நீடித்தால்

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருந்தால், எந்தச் சூரணத்தையும் தொடர்ந்து உண்டு காத்திருக்க வேண்டாம். அது காசநோயாக இருக்கலாம். சளிப் பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். நூற்பாலையில் பணிபுரிபவர்களுக்குப் பஞ்சுத் தூசியாலும் நெஞ்சு இறுக்கம் வரும். விடுமுறைக்குப் பின் பணிக்குத் திரும்பும் நாளில் அது மிகுந்தால் மருத்துவரிடம் தவறாமல் கூறவும்.

ஏதேனும் இலையை உட்கொண்ட பின் வாந்தி, தலைச்சுற்றல், படபடப்பு, நாடித் துடிப்புக் குறைதல் ஆகியவை தோன்றினால் உடனே 108ஐ அழைக்கவும். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். உப்புநீர், மோர் போன்றவற்றைப் புகட்டாதீர்கள். நோயாளி நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும். இதயப் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். எஞ்சிய இலையையோ பொடியையோ உறையுடன் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டவும்.