டிக்கியில் ஒரு சமையல்கட்டு

பௌர்ணமி நெருங்கினால் வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களில் வேன் பேசத் தொடங்கிவிடுவார்கள். திருவண்ணாமலை கிரிவலம். அமாவாசை என்றால் மேல்மலையனூர் ஊஞ்சல் உற்சவம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணி. எல்லாமே ஓர் இரவு, மிஞ்சினால் இரண்டு நாளில் முடிகிற பயணங்கள். கூட்ட நாளில் ஓட்டலில் இடம் பிடிப்பது பெரும்பாடு. கைக்குழந்தையும் சர்க்கரை நோயுள்ள தாத்தாவும் அதுவரை பசி தாங்க மாட்டார்கள். ஆகவே அடுப்பும் வேன் ஏறுகிறது.

சிக்கல் என்னவென்றால், அடுப்போடு பாதி வீடும் ஏறிவிடுகிறது. அண்டா, தவலை, வாடகைக் கரண்டிகள், 14.2 கிலோ சிலிண்டர் என்று உட்கார இடமில்லாமல் போகிறது. ஐந்தாறு பேர் போகும் குறும்பயணத்துக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. வீட்டிலேயே எவ்வளவு வேலையை முடிக்கிறோமோ, அவ்வளவுக்கு வண்டிச் சுமை குறையும்.

வீட்டில் முடிப்பது

முதல் வேளைக்குக் கட்டுச்சோறு. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளியோதரை போதும். மறுநாள் காலைக்கு, ரவையை வறுத்து, கடுகு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, ஆறியதும் டப்பாவில் அடைத்துவிடலாம். வழியில் உப்பு போட்டுக் கொதித்த நீரில் கொட்டிக் கிளறினால் உப்புமா. ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் இருந்தால், மதியம் குக்கரில் சோறு மட்டும் வைத்தால் போதும்.

அந்தச் சோற்றை அப்போதைக்கப்போதே சமைத்துத் தின்றுவிட வேண்டும். பாசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி வெந்த பிறகும் சாவதில்லை. வெறும் சோற்றை வேன் சூட்டில் மணிக்கணக்காக மூடி வைத்தால் அவை முளைத்துப் பெருகும். அவை விடும் நச்சில் ஒரு வகை, மறுபடி சூடாக்கினாலும் போகாது. புளி சேர்ந்த சாதம் கொஞ்சம் தாங்கும், வெறும் சோறு தாங்காது.

பெட்டி

வண்டிச் சமையலுக்குப் பெட்டி செய்யும் யோசனை பழையது. 1866இல் அமெரிக்காவின் டெக்சஸில் மாடு ஓட்டிச் சென்ற சார்லஸ் குட்நைட், பழைய ராணுவ வண்டி ஒன்றின் பின்புறம் அறைகள் வைத்த மரப்பெட்டியைப் பொருத்தினார். அதன் கதவைக் கீழே மடக்கினால் அதுவே மேசை. சமையற்காரர் நின்ற இடத்திலிருந்து எல்லாவற்றையும் எடுக்கலாம்.

நம்மூர்த் தச்சரிடம் சொன்னால் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில், இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி உயரத்தில் இதைச் செய்துவிடுவார். டிக்கியைத் திறந்ததும் கதவு நம் பக்கம் மடங்க வேண்டும். மேல் அறையில் அஞ்சறைப் பெட்டி, கத்தி, லைட்டர், டீத்தூள், சர்க்கரை. கீழே மூன்று லிட்டர் குக்கர், அதற்குள் அடங்கும் பாத்திரங்கள், ஒரு வாணலி. தட்டுக்குப் பதில் மந்தாரை தையல் இலை. கனமான பொருள் கீழே, முதலில் தேவைப்படுவது கைக்கு எட்டும் முன்வரிசையில். 20 லிட்டர் தண்ணீர் கேன் பெட்டிக்கு வெளியே நிற்கட்டும்.

தீ

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்று எரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து வந்த பயணிகள் விதிக்குப் புறம்பாக ஏற்றிய கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். மூடிய வேனில் அதற்கு ஒரு பொறி போதும்.

அதனால் வண்டிக்குள் அடுப்பு பற்றவைப்பது எந்த மழையிலும் கூடாது. ஒரு வீட்டு பர்னர் மணிக்கு ஏறக்குறைய 150 முதல் 200 கிராம் வாயு எரிக்கும். அப்படியானால் 5 கிலோ சின்ன சிலிண்டரே தாராளம். ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்திக் கட்டி வைக்க வேண்டும். ரப்பர் டியூபில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள், ஐந்து ஆண்டு தாண்டினால் மாற்றுங்கள். காற்றைத் தடுக்க அடுப்பைச் சுற்றித் தகரம் வைக்கலாம். ஆனால் சிலிண்டர் அந்த மறைப்புக்கு வெளியே இருக்க வேண்டும். கையடக்கமான கேஸ் டப்பா அடுப்பு வைத்திருப்பவர்கள், பூட்டிய வண்டி வெயிலில் நிற்கும்போது டப்பாக்களை உள்ளே விடக் கூடாது.

இடம்

நெடுஞ்சாலை ஓரமும் பெட்ரோல் பங்க் பக்கமும் வேண்டாம். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். கிரிவலப் பாதையை ஒட்டிய மலைச்சரிவும் காப்புக்காடுதான். ஊசுடு ஏரி பறவைகள் சரணாலயம், அங்கும் அடுப்பு வேண்டாம். பம்புசெட் பக்கம் தோப்பு நிழல் கிடைத்தால், உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கலாம். எச்சில் இலையைச் சாக்கில் கட்டி வீட்டுக்கே கொண்டுவருவதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

கிளம்பும் வாரத்துக்கு முன், ஒரு மாலை வாசலில் பெட்டியை வைத்து முழுச் சமையலையும் செய்து பாருங்கள். எதை எடுக்க யார் வீட்டுக்குள் ஓடினாலும் அதை எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியில் சேர்க்க வேண்டியது அதுதான். கடைசி வரை யாரும் தொடாத சாமான்களை அன்றைக்கே இறக்கிவிடலாம்.