கார்னர்ல நிக்கிறவளை யாரு பார்ப்பாங்க?



2025 அக்டோபரில் பஹ்ரைன் நாட்டில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி நடந்தது. அதில் நம்ம இந்தியப் பெண்கள் கபடி அணி இரானை 75–21 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியது. சென்னை கண்ணகி நகர் கார்த்திகா அக்காவும் அந்த டீமில் இருந்தார். அதுக்கு அப்புறம் நம்ம கிரவுண்டுக்கு சாயங்காலம் வர்ற பெண்கள் அதிகமாயிட்டாங்க. வர்றவங்க எல்லாரும் கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: "அக்கா, எனக்கு ரைடு குடுங்க." கார்னர் வேணும்னு கேட்டு இதுவரைக்கும் ஒருத்தியும் வரல. நான் லெஃப்ட் கார்னர். அதனால இதை நான் எழுதாம வேற யாரு எழுதுவாங்க?

முதல்ல ஆட்டத்தைப் பத்திக் கொஞ்சம். (கபடி தெரிஞ்சவங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) ஒரு பக்கத்துக்கு 7 பேர். ரைடு போறவர் 30 செகண்டுக்குள்ள எதிராளியைத் தொட்டுட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பணும். எதிர்ப்பக்கம் 6 பேரோ 7 பேரோ நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வச்சாலே ஒரு பாயிண்டு. 5 பேர் ஆயிட்டா போனஸ் கிடையாது. 3 பேரோ அதுக்குக் கம்மியாவோ நிற்கும்போது அவங்க பிடிச்சிட்டா அவங்களுக்கு 2 பாயிண்டு, அதுக்குப் பேர் சூப்பர் டேக்கிள்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. 7 பேர் நிற்கும்போதே எப்பவும் ஒருத்தியை அனுப்பினா அவளுக்குப் போனஸ் கிடைச்சுக்கிட்டே இருக்கும். 3 பேர் மிஞ்சின நேரத்துல இன்னொருத்தியை அனுப்பினா அவளுக்குப் போனஸும் இல்ல, மாட்டினா ரெண்டு பாயிண்டு நஷ்டம் வேற. ரெண்டு பேரும் ஒரே திறமைக்காரிகளா இருக்கலாம். ஆனா ஸ்கோர் பேப்பரில் ஒருத்தி பெரிய ஆளா தெரிவா, இன்னொருத்தி ஒண்ணும் இல்லாதவளா தெரிவா.

புரோ கபடியிலும் இப்படித்தான். அது 2014ல் ஆரம்பிச்சது, நம்ம தமிழ் தலைவாஸ் 2017ல் சேர்ந்தது. ஒரு டீம் வரிசையா ரெண்டு ரைடு பாயிண்டு எடுக்காம வந்தா, மூணாவது ரைடில் எடுத்தே ஆகணும், இல்லன்னா போனவர் அவுட். பிடிக்கிறவங்க பலமா இருக்கிற டீம், வேணும்னே ரெண்டு ரைடு சும்மா போயிட்டு வரும். எதிர் டீமும் பாயிண்டு எடுக்காம மூணாவது ரைடுல மாட்டட்டும்னு காத்திருக்கும். அந்த மாதிரி டீமில் விளையாடுற ரைடருக்குப் பாயிண்டு கம்மியாத்தான் வரும். அவர் மோசமான ரைடர்னு அர்த்தம் இல்ல, டீமோட ஆட்டம் அப்படி. ஆனா ஏலத்துல முதல்ல கண்ணுக்குத் தெரியறது பாயிண்டுதான். 2018 ஏலத்தில் 6 பேர் ஒரு கோடியும் அதுக்கு மேலயும் போனாங்க. அதிகமா போனவர் மோனு கோயத், 1 கோடியே 51 லட்சம், ரைடர். ஆறு பேரில் பிடிக்கிற வேலையை மட்டுமே நம்பி இருந்தவர் இரான் நாட்டு பஸல் அத்ராச்சலி ஒருத்தர்தான், சரியா 1 கோடி.

நம்ம டீமுக்கு வர்றேன். நம்ம டீமில் ஒரே அக்காதான் ரைடு போவாங்க. அவங்க அவுட் ஆனாத்தான் மத்தவங்களுக்குச் சான்ஸ். ஜெயிக்கிறதுக்கு அது நல்ல வழிதான், குறுவட்டப் போட்டியில ரெண்டு மேட்ச் ஜெயிச்சோம். அக்கா மேல எனக்குப் பொறாமை இல்ல. (கொஞ்சம் இருக்கு.) ஆனா அன்னிக்கு ஆள் எடுக்க வந்தவங்க ஸ்கோர் பேப்பரைப் பார்த்தாங்க, அக்கா பேரை எழுதிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. மலையிலிருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற என் ஃப்ரெண்டு அன்னிக்கு ரெண்டே ரைடு போனா. அவளுக்கு விளையாட்டு விடுதியில் சேரணும்னு ரொம்ப ஆசை. 9ஆம் வகுப்புக்கு எடுக்கிற சான்ஸ் போயிடுச்சு, இனி 11ஆம் வகுப்புக்குத்தான். அது கிடைக்கலன்னா பத்தாவதோட ஊருக்கு வந்துடுன்னு அவங்க வீட்டுல சொல்லியிருக்காங்க.

அதனால நான் ஒரு 40 பக்க நோட்டு போட்டேன். பிராக்டீஸில் யார் ரைடு போறா, அப்ப எதிரே எத்தனை பேர், என்ன கிடைச்சது, எல்லாம் எழுதுறேன். மூணு வாரக் கணக்கு இது: அக்கா 31 ரைடு, 12 பாயிண்டு, அதில் 7 போனஸ். என் ஃப்ரெண்டு 9 ரைடு, 5 பாயிண்டு, போனஸ் ஒண்ணுகூட இல்ல, அஞ்சும் தொட்டு எடுத்தது. 9 ரைடு ரொம்பக் கம்மிதான், அதை வச்சு அவதான் பெரிய ஆளுன்னு சொல்ல வரல. ஆனா இன்னும் நாலு ரைடு குடுத்துப் பார்க்கலாம் இல்லையா?

கார்னர் ஆளுங்க கதையும் கேளுங்க. நம்ம பக்கம் வர்ற ரைடர் கார்னர் பக்கமே வராம நடுவிலேயே சுத்திட்டுப் போனா, கணுக்காலைப் பிடிக்க எனக்கு என்ன வழி? பாயிண்டு வராது. ஆனா நான் நிக்கிற பயத்துலதான் அவ அந்தப் பக்கம் வரலன்னு எந்தப் பேப்பரிலும் எழுத மாட்டாங்க. தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் அண்ணனும் கார்னர்தான். 2016ல் பாட்னா பைரேட்ஸ் டீமுக்கு அவர்தான் கேப்டன், அந்த வருஷம் கோப்பையும் வாங்கினாங்க. இதைப் புதுசா வர்ற பிள்ளைங்களுக்குச் சொன்னா, "அப்படியா அக்கா"ன்னு கேட்டுட்டு மறுபடியும் ரைடுதான் கேக்குறாங்க!

நோட்டை பி.டி. சாரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் புரட்டிப் பார்த்தார். "கணக்குப் பாடத்துல இப்படி எழுத மாட்டேங்கிறியே"ன்னார். அப்புறம், வர்ற சனிக்கிழமை மேட்ச்ல முதல் மூணு ரைடு என் ஃப்ரெண்டுக்குன்னு சொல்லியிருக்கார், 7 பேரும் நிற்கும்போதே. பார்க்க எல்லாரும் வாங்க. நோட்டு எழுத ஒரு ஆளும் வேணும், எனக்கு அன்னிக்குக் கார்னர்ல வேலை இருக்கு.

— 9ஆம் வகுப்பு மாணவி