சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை கட்டாயமா? கடன் வாங்கியாவது கொடுக்கணுமா? பைபிள் சொல்வது என்ன?

மாசம் பிறந்து சம்பளம் கணக்கில் ஏறியதும் வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், பைக் தவணை என எல்லாம் வரிசை கட்டி நிற்கும். மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் கிறிஸ்தவர்கள் பலருக்கு அந்த வரிசையில் இன்னொன்றும் உண்டு: தேவாலயக் காணிக்கை. எவ்வளவு கொடுக்கணும்? கையில் இல்லாதபோது என்ன செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

தசமபாகம் என்றால் என்ன?

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்குக் கொடுப்பதுதான் தசமபாகம். பழைய ஏற்பாட்டுக் காலத்தில் இஸ்ரவேலர்கள் விளைச்சலிலும் கால்நடைகளிலும் இதைக் கொடுத்தார்கள். சொந்த நிலப்பங்கு இல்லாமல் ஆலயப் பணி செய்த லேவியர்களுக்கு அதுதான் வாழ்வாதாரம்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம் உபாகமம் 14-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பங்கை அவரவர் ஊரிலேயே சேர்த்து வைக்கணும். லேவியர்களோடு, பிழைக்க வந்த வெளியூர்க்காரர்கள், அப்பா இல்லாத பிள்ளைகள், விதவைகள் எல்லோரும் அதில் வயிறாரச் சாப்பிடணும்.

புதிய ஏற்பாடு என்ன சொல்கிறது?

எருசலேமில் கஷ்டப்பட்ட விசுவாசிகளுக்காக நிதி திரட்டிய பவுல், கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் (அதிகாரம் 8, 9) எந்தச் சதவீதமும் சொல்லவில்லை. அவரவர் மனசில் தீர்மானித்தபடி, வருத்தமோ கட்டாயமோ இல்லாமல் கொடுக்கணும் என்கிறார். ஒருவரிடம் இருப்பதை வைத்துத்தான் அளவு, இல்லாததை வைத்து அல்ல என்றும் தெளிவாகச் சொல்கிறார்.

இன்றைய சபைகளிலும் இது ஒரே மாதிரி இல்லை. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் மல்கியா 3-ஆம் அதிகாரத்தைக் காட்டி தசமபாகம் வலியுறுத்தப்படுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையோ, அவரவரால் இயன்ற அளவு உதவணும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

விதவையின் இரண்டு காசு எவ்வளவு?

மாற்கு 12-ல் வரும் ஏழை விதவை, ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு சின்னச் செப்புக் காசுகளைப் போடுகிறார். அன்றைய ஒரு நாள் கூலியில் அது 64-ல் ஒரு பங்குதான். இன்று ஒருவரின் நாள் கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வெறும் 10 ரூபாய். ஆனால் அவரிடம் இருந்ததே அவ்வளவுதான். எல்லாரையும்விட அதிகம் போட்டவர் இவர்தான் என்றார் இயேசு. கொடுத்த தொகையை அல்ல, கொடுத்த பிறகு கையில் மிச்சம் இருப்பதை வைத்து அளந்த கணக்கு அது.

இதற்கு முந்தைய வசனத்தையும் சேர்த்துப் படிக்கணும். விதவைகளின் வீடுகளை விழுங்கும் மதத் தலைவர்களை இயேசு அங்கே கண்டிக்கிறார். அதனால், இது அந்தப் பெண்ணுக்கான பாராட்டு மட்டுமல்ல, அவரிடம் கடைசிக் காசு வரை வாங்கிய அமைப்பின் மீதான விமர்சனமும்தான் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு.

தமிழ்நாட்டில் ஓர் உதாரணம்

1903-ல் பாளையங்கோட்டையில் தொடங்கியது திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், நம்ம ஊர் மக்களின் காணிக்கையிலேயே ஊழியம் நடக்கணும் என்பது அதன் கொள்கை. அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா. 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான இவர், கிறிஸ்தவக் கொடுத்தல் பற்றித் தனி நூலே எழுதினார். ஏழைகளாலும் கொடுக்க முடியும், அதுதான் அவர்களைச் சபையின் சொந்தக்காரர்கள் ஆக்கும் என்பது அவர் நம்பிக்கை.

சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் வழக்கம் மிசோரம் சபைகளில் 1910 முதல் இருக்கிறது. காஞ்சிப் பெரியவர் முன்னெடுத்த பிடி அரிசித் திட்டம் நினைவுக்கு வரும் வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அப்பா அம்மாவுக்கா, ஆலயத்துக்கா?

இதற்கு மாற்கு 7-ல் நேரடியான பதில் இருக்கிறது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல், ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கை ஆகிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கும் வழக்கத்தை இயேசு கடுமையாகச் சாடுகிறார். ஆக, ஊரில் அம்மாவின் மருந்துக்கு அனுப்ப வேண்டிய பணத்தை நிறுத்திக் காணிக்கை போடுவது தியாகம் ஆகாது. தியாகம் என்பது நம்ம தேவையைக் குறைத்துக்கொண்டு கொடுப்பது. அடுத்தவர் தேவையை வெட்டிக் கொடுப்பது அல்ல.

வேலை போனால்?

மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியபோது பல குடும்பங்களின் மாத வருமானம் நின்றது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இந்தப் பயம் எப்போதும் உண்டு. பவுலின் அளவுகோல்படி, கையில் இல்லாத பணத்துக்குக் கணக்கு இல்லை. கடன் வாங்கிக் கொடுக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. உபாகமத்தின்படி பார்த்தால், வருமானம் இல்லாத அந்த மாதங்களில் அவர்கள் அந்தப் பொதுப் பங்கில் இருந்து பெற வேண்டியவர்கள்.

கணக்கு கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். திரட்டிய நிதி விஷயத்தில் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே, பவுல் தனியாகக் கையாளாமல் சபைகள் தேர்ந்தெடுத்த ஆளையும் கூட அனுப்பினார். அதனால் காணிக்கைக்கு ரசீது கேட்பதும், சபையின் ஆண்டுக் கணக்கைப் பார்ப்பதும் விசுவாசக் குறைவு இல்லை.