நகல் இருக்கிறதா?

வெளியூரில் வாழும் நமக்கு ஊரிலிருந்து வரும் கடிதங்களே பெருஞ்செல்வம். காலஞ்சென்ற எம் தந்தையார் எழுதிய மின்னஞ்சல்கள் யாவும் வீட்டுக் கணினியில், தண்டர்பேர்டில், இருந்தன. இரவுதோறும் அவற்றின் நகல் வெளி வன்தட்டில் பதியுமாறு ஏற்பாடு செய்திருந்தோம். தட்டு பழுதாகவே, புதியதொன்று வாங்கி இணைத்தோம். ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால், அது வெறுமையாக இருந்தது!

காரணம் யாதெனில், பழைய தட்டுக்கு விண்டோஸ் 'இ' என்னும் ஆங்கில எழுத்தை அளித்திருந்தது; புதியதற்கு 'எஃப்' கிடைத்தது. நகலெடுக்கும் நிரலோ பழைய விலாசத்தையே தேடிக்கொண்டிருந்தது. 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதிக்குச் சென்று புதிய தட்டுக்கும் 'இ' எழுத்தையே வழங்கினோம்.

மறுநாள் மற்றவை பதிந்தன. முக்கியமான ஒரு கோப்பு மட்டும் பதியவில்லை. ஓர் அஞ்சல் பெட்டியின் கடிதங்கள் அனைத்தையும் தண்டர்பேர்டு வழக்கமாக ஒரே கோப்பாக வைக்கிறது. அக்கோப்பு 4 ஜிபியைத் தாண்டியிருந்தது. தட்டு அமைந்திருந்த 'ஃபேட் 32' முறை அவ்வளவு பெரிய கோப்பை ஏற்காது. தட்டை 'என்டிஎஃப்எஸ்' முறைக்கு மாற்றி அமைத்தோம். அவ்வாறு அமைக்கையில் தட்டிலுள்ளவை அழிந்துபோகும் என்பது நினைவிருக்கட்டும்.

அன்பர்களே! தண்டர்பேர்டை மூடிய பின்னரே நகலெடுங்கள். மாதம் ஒருமுறை நகலிலிருந்து ஒரு கடிதத்தையேனும் திறந்து படியுங்கள். அந்த ஒரு மாதத்தில் கணினியும் பழுதாகியிருந்தால், தந்தையாரின் சொற்களை எங்கே சென்று தேடியிருப்போம்?