உயிருக்கு நட்டஈடு

உடைந்த எலும்புக்கு நட்டஈடு உண்டு. போன உயிருக்கு இல்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இதுவே சட்டமாயிருந்தது.

குதிரைவண்டியொன்று குடைசாய்ந்தது. அதிற் பயணஞ்செய்த ஒருவர் காயமுற்றார். அவர் மனைவி ஏறக்குறைய ஒரு மாதத்தின் பின் இறந்தார். 1808 ஆம் ஆண்டில் வழக்கை விசாரித்த எலன்பரோ பிரபு, மனிதரின் மரணத்துக்காக நட்டஈடு கோர இயலாதெனக் கூறினார். கணவர் பெற்ற 100 பவுண், அவருடைய காயத்துக்கும், மனைவி இறக்கும்வரை அவரது துணையை இழந்தமைக்குமே. ஆகவே, காயப்படுத்துவதிலும் கொல்வது மலிவாயிற்று.

புகையிரத விபத்துக்கள் பெருகவே, 1846 இல் கம்பெல் பிரபுவின் சட்டம் பிறந்தது. இறந்தவரின் வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் இழந்த ஆதரவுக்காக நட்டஈடு பெறும் உரிமை உண்டாயிற்று. ஆயினும், குற்றவாளி வறியவராயின் தீர்ப்பினாற் பயன் என்ன? 1930 ஆம் ஆண்டுச் சட்டம், மோட்டார் வண்டி ஓட்டுவோர் பிறருக்கு விளைக்குந் தீங்குக்காகக் காப்புறுதி பெறுதலைக் கட்டாயமாக்கிற்று. ஓட்டியவர் ஏழையாயினும் விதவையின் கையிற் பணஞ் சேர வழி பிறந்தது.